என் டேபிளில் ஒரு குடம் கடல்

18-8-97, திங்கள்

காலையில் தூறல். பீளமேடு ஸ்டாப்பில் இறங்குவதற்குள் குடைக் கம்பி ஒடிந்தது. ஆபீசுக்குள் நுழைந்தால் என் டேபிளில் டைப்ரைட்டர் இல்லை. சுவரோரமாக ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்திருக்கிறார்கள். டேபிளில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும், அவ்வளவுதான்.

சி.மு. வேலை. (சின்ன முதலாளி. இனி இப்படித்தான் எழுதப்போகிறேன், அவருக்கு இவ்வளவு மை போதும்.) சிங்கப்பூர் போய் வந்ததில் இருந்து புதுசு புதுசாக ஏதாவது ஒன்று. அங்கே ஒரு ஆபீசில் மேஜை மேல் கடல் மீன் பார்த்தாராம். பம்ப்செட் கம்பெனிக்குக் கடல் மீன் எதற்கு என்று கேட்க இங்கே ஆள் இல்லை. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முதலில் தெரிவது என் டேபிள். அதனால் என் டேபிள்.

"வர்ற டீலருங்க பாத்ததும் அசந்து போயிரோணுங்க. நீங்கதான் பாத்துக்கோணும், எஸ்தரக்கா."

"எனக்கு மீனைக் கொழம்பு வெக்கத்தானுங்க தெரியும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் வந்தது. தீபாவளி கழிந்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வருகிறது. "மீன் நல்லா இருந்துச்சுன்னா இந்த எடம் உங்களுக்கே இருக்கட்டுங்க. இல்லீன்னா கம்ப்யூட்டரை இங்க போட்டுட்டு, உங்களுக்குப் பின்னாடி குடோன்ல ஒரு டேபிள் போட்டர்லாம்."

குடோன்: கிரீஸ் நாற்றம், பம்ப் மூடிகள், எலி. ஜன்னல் கிடையாது. போகிறவர் வருகிறவர் யாருக்கும் நான் அங்கே இருப்பது தெரியாது. கணக்கர் பழனிச்சாமி பேரேட்டில் குனிந்தபடியே இருந்தார். காது மட்டும் என் பக்கம். அவர் தங்கச்சி மகள் கம்ப்யூட்டர் படித்து முடித்து வீட்டில் இருக்கிறாள்.

கல்யாணத்துக்கு முன்னால் இருந்து உட்காரும் டேபிள். இனி மீன் தயவில்.

வாங்க வேண்டியது: ரவை, பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ். குடை ரிப்பேர்.

20-8-97, புதன்

பாலக்காட்டுக் காற்று. பேப்பர் எல்லாம் பறக்கிறது.

கடல் வந்துவிட்டது. கோழிக்கோட்டில் இருந்து காரில், கேனில். கூடவே வெள்ளை மணல், துளை துளையாக ஒரு கடல் பாறை, தண்ணீருக்குள் காற்று விடும் குட்டி மோட்டார். மணலைக் கழுவியது நான். பாறையை வைத்தது நான். விரலில் கீறல், அதில் உப்பு. கவிச்சி வாடையில் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே பிடிக்கவில்லை.

பெ.மு. (பெரிய முதலாளி, சி.மு.வின் அப்பா) வந்து பார்த்தார். ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இதுக்குள்ள ஒரு உசுரு எப்படிடா இருக்கும்? சிறுவாணி ஓடுற ஊர்ல இந்தப் பாவத்த எதுக்குக் கொண்டாந்தே?"

"கடல் மீனுக்கு இதானுங்கப்பா தண்ணி."

நம்பவில்லை. சிறுவாணித் தண்ணீர் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. எனக்கும் அதன் ருசி தெரியும். ஆனால் ஆபீசில் சிறுவாணி இரண்டு வகை. கணக்கர் டேபிள் பக்கம் மண்பானை, அதன் மேல் பெ.மு. பெயர் வெட்டிய எவர்சில்வர் சொம்பு. சொம்பு அவருக்கு மட்டும், மற்றவர்களுக்கு டம்ளர். சைக்கிள் ஸ்டாண்டில் நீல டிரம். அது லோடுமேன்களுக்கு, வாட்ச்மேனுக்கு, எனக்கு. இரண்டையும் நிரப்புகிற குழாய் ஒன்றுதான்.

நான் சேர்ந்த அன்று பழனிச்சாமி கேட்டார், "வெள்ளகோவில்ல எந்தப் பக்கமுங்க?" வழி தெரிந்துகொள்ள யாரும் அப்படிக் கேட்பதில்லை. சொன்னேன். அப்பா பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். வேதக்காரர்கள். ஊரைத் தாண்டித் தெரு. அன்று மதியம் பானைப் பக்கம் போனபோது எழுந்து நின்று சொன்னார், "அம்மணி, உங்களுக்குத் தண்ணி அங்க இருக்குதுங்க." கை நீட்டிக் காட்டினார். எழுந்து நின்று. இந்த ஊரில் ஒரு 'ங்க' போட்டே கதவைச் சாத்திவிடுவார்கள், சத்தமே வராது.

அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நானும் பானைப் பக்கம் போனதில்லை.

25-8-97, திங்கள்

வெயில். தலைவலி.

சனிக்கிழமை மெட்ராஸில் இருந்து பிளாஸ்டிக் பையில் மூன்று மீன் வந்தது. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. இன்று காலை மூன்றும் மிதக்கின்றன. தண்ணீர் கலங்கல். நாற்றம்.

பழனிச்சாமி: "ச்சோ. பாத்துக்கறேன்னுதான் சொன்னீங்க?" நான் அப்படிச் சொல்லவே இல்லை.

சி.மு. என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துச் சொன்னார், "என்னங்கக்கா, ஞாயித்துக்கெழம ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமல்லங்க." ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போவேனா, மீன் பார்க்க பஸ் ஏறுவேனா. நாக்கு நுனி வரை வந்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்றார். செத்ததைக் காகிதத்தில் சுற்றி வெளியே போட்டேன். பூனை கூடத் தொடவில்லை.

ஸ்டூலில் வைத்து டைப் அடித்து இடுப்பு போச்சு. டீலர் லெட்டர் பாக்கி நிறைய.

3-9-97, புதன்

மதியம் தனியாகச் சாப்பிடுவதில் ஒரு லாபம், படிக்கலாம். சி.மு. வாங்கி வந்து பிரிக்காமலே வைத்திருந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தேன். படித்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. எல்லாம் அதிலேயே இருக்கிறது. மணலும் பாறையும் போட்டுச் சில வாரம் மீன் இல்லாமல் சும்மா விட வேண்டும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் உண்டாகி அழுக்கைத் தின்னும். அதற்கு முன்னால் விட்டால் மீன் தன் மூத்திரத்திலேயே செத்துப்போகும். முதலாளி படிக்காததற்குப் பழி டைப்பிஸ்ட் மேல்.

சி.மு.விடம் பக்கத்தைக் காட்டினேன். "அப்படீங்களா" என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்று. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் நாளாக நாளாக உப்பு ஏறும். குறைந்த அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. எச்சாகப் போனாலும் சாவு, குறைந்தாலும் சாவு. இதை வளர்ப்பதற்குப் பேசாமல் ஒரு மாமியாரை வளர்க்கலாம்.

8-9-97, திங்கள்

நேற்று தம்பி வந்திருந்தான். வெள்ளகோவில் பால் சொசைட்டியில் டெஸ்டர். உப்பு அளக்கிற மீட்டர் சிங்கப்பூரில் இருந்து வரும் வரும் என்று சி.மு. சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றேன். தம்பி பையில் இருந்து லாக்டோமீட்டரை எடுத்து வைத்தான். "பாலுல தண்ணி எவ்வளவுன்னு இது சொல்லுமல்லக்கா. தண்ணில உப்பு எவ்வளவுன்னும் சொல்லித்தானே ஆவோணும்."

இன்று உயரமான டம்ளரில் கடல் தண்ணீரை எடுத்து மிதக்க விட்டேன். 25. புத்தகத்தில் சொல்கிற கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். பாலாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் கலந்த ரகம்.

ஊரில் மாடு கறப்பது நாங்கள். கறந்த பாலை மட்டும் யாரும் சைக்கிள் ஸ்டாண்டில் வைப்பதில்லை.

இவர் (போத்தனூர் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன், பேச்சு குறைவு) சேக்காளி ஒருவர் மூலமாக ரயிலில் ஒரு கேன் கடல் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். கைவசம் இருக்கட்டும் என்று. கேனை டேபிளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கால் நீட்ட இடம் இல்லை.

"மீனுக்காடி இத்தன பாடு?" என்று கேட்டார்.

"மீனுக்கில்லீங்க. டேபிளுக்கு."

19-9-97, வெள்ளி

புது மீன் வந்தது. இந்த முறை ஒன்றே ஒன்று, அதே ஜாதி. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, பழனிச்சாமி மாதிரி. பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறது. நானும் பார்த்தேன். பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

டேபிள் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. துடைத்தால் மறுநாள் திரும்பவும். டைப்ரைட்டரில் 'ழ' துருப் பிடித்து மெதுவாகத்தான் எழும்புகிறது.

24-9-97, புதன்

செத்தேன். மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை. காற்று மோட்டார் நின்றுபோச்சு. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. புத்தகத்தில் வழி இருந்தது, தண்ணீரை மோந்து உயரத்தில் இருந்து திரும்ப ஊற்ற வேண்டும், அப்போது காற்றுக் கலக்கும். டம்ளரில் மோந்து ஊற்றினேன். கை கடுக்கக் கடுக்க.

பழனிச்சாமி பேனாவால் காதைக் குடைந்துகொண்டு வேடிக்கை. "கொழந்தைக்குப் பால் ஆத்தறாப்பல இருக்குதுங்க."

பால் ஆற்றுகிற மாதிரி இல்லை. பண்ணையத்தில் அப்பா குடித்த மாதிரி. அப்பா குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயோடு வைப்பார். அந்த வீட்டு அம்மா திட்டில் நின்று, சொம்பு கையில் பட்டுவிடாமல், அவ்வளவு உயரத்தில் இருந்து ஊற்றும். முழங்கை வழியாகப் பாதி மண்ணுக்குப் போகும். நான் பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போதும் என்று தலையை ஆட்டுவார். தாகம் தீர்ந்து ஆட்டினாரா, வெட்கப்பட்டு ஆட்டினாரா, கேட்டதே இல்லை.

கரண்ட் வந்தது. மீன் பிழைத்தது. சனியன்.

6-10-97, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் எவனோ காலை மிதித்து நகம் போச்சு.

மீன் கொழுகொழு என்று இருக்கிறது. அவித்த இறால் துணுக்கு, வீட்டில் இருந்து நான் கொண்டுபோவது. சி.மு. ஒரு டீலரைக் கூட்டி வந்து காட்டினார். "எல்லாம் எங்க எஸ்தரக்கா கவனிப்புங்க." அந்த டீலர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பழனிச்சாமி முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. லேத், டிரில்லிங் மெஷின், வேன், தராசு, எல்லாம் கழுவல். இங்கே பெ.மு. தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். என் டைப்ரைட்டருக்கும் வருஷா வருஷம் வைப்பார். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. மெஷின் அவருடையது.

10-10-97, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் போனதும் பழனிச்சாமி என்னைப் பொரி கடலை வாங்க அனுப்பினார். எந்த வருஷமும் என்னை அனுப்பியதில்லை. கடையில் கும்பல். திரும்பி வந்தால் வாசலில் குரோட்டன்ஸ் தொட்டியில் தண்ணீர் வழிகிறது. உப்பு வாடை. உள்ளே ஓடினேன். என் டேபிளில் தொட்டி பாதி காலி. மோட்டார் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்தி. கீழே தரையில் ஒரு குடம் நிறைய சிறுவாணி.

பெ.மு. சொம்போடு நிற்கிறார். கண் கலங்கியிருக்கிறது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

"பாவமுங்க. வருசம் பூராவும் மெஷினுக்கெல்லாம் நல்லது பண்றோம். இந்த உசுரு உப்புலயே கெடக்குது. இன்னிக்காச்சும் நம்ம சிறுவாணி குடிக்கட்டும்." அவர் சொம்பில் இருந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டார். முதல் சொம்பு அவர் கையால், மிச்சக் குடத்தைப் பழனிச்சாமி ஊற்றுவதாக ஏற்பாடு. சுற்றி எல்லோரும் கை கூப்பிக்கொண்டு. சி.மு. வேன் பக்கம் வெளியே.

"ஊத்தாதீங்க."

யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. பொரிப் பையைப் போட்டுவிட்டுப் போய் சொம்பைப் பிடித்தேன். அவர் விரல் மேல் என் விரல்.

"செத்துப்போயிருமுங்க."

"சிறுவாணி குடிச்சு எதாச்சும் சாவுமா?" என்று கேட்டார். அப்புறம் கையைப் பார்த்தார். என் கையை. சுட்டது மாதிரி சொம்பை விட்டுவிட்டார். மிச்சம் இருந்த தண்ணீர் என் சேலையில்.

மணி அடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். பெ.மு. "சரிங்க அம்மணி" என்றார். கோபமே இல்லை குரலில். பின்பக்கம் குழாயடிக்குப் போனார். கை கழுவுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

பழனிச்சாமி: "இப்படிப் பண்ணிப்போட்டீங்களே. நல்ல நாளும் அதுவுமா."

டேபிளுக்கு அடியில் இருந்து கேனை இழுத்து டம்ளர் டம்ளராகக் கடல் தண்ணீரை ஊற்றினேன். லாக்டோமீட்டர் 20. இன்னும் ஊற்றினேன். 22. 24. மோட்டாரைப் போட்டேன். சேலை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பொரி கொடுத்தார்கள். எல்லோருக்கும் கையில், எனக்குக் காகிதத்தில் வைத்து ஸ்டூல் மேல்.

கிளம்பும்போது மீன் நேராக நின்றது. பாறைக்குப் பின்னால் போய் அதே ஒரு கண். செத்துத் தொலைந்திருந்தால் நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார், "சொம்பப் புடிச்சியா?" "புடிச்சேன்." "நல்லா புடிச்சியா?" "நல்லா." இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

13-10-97, திங்கள்

மேகமூட்டம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

சி.மு. கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "மீனை நீங்கதான் காப்பாத்துனீங்க. எனக்குத் தெரியுங்க. அப்பாவும் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா மூணு நாளா சரியா சாப்புடறதில்ல. ஒரு வார்த்த மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

"எதுக்குங்க?"

"சும்மா ஒரு வார்த்தைக்குங்க."

"மீனைக் காப்பாத்துனதுக்குங்களா, சொம்பத் தொட்டதுக்குங்களா? எதுக்குன்னு சொல்லுங்க. சொன்னா அதுக்குக் கேக்கறனுங்க."

சி.மு. பாட்டில் தண்ணீரைத் திறந்து குடித்தார். மூடினார். திரும்பத் திறந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஆபீசில் எனக்கு எதிராக இருக்கிற எல்லாமே யாரும் வாயால் சொல்லாத வரைக்கும்தான். சொல்லச் சொன்னால் நாக்கு எழாது.

"போயி வேலையப் பாருங்கக்கா" என்றார்.

"டேபிளுங்க?"

"அதான் மீன் நல்லா இருக்குதல்லங்க. அங்கயே இருங்க." கம்ப்யூட்டரை அவர் ரூமிலேயே போட்டுக்கொள்கிறாராம்.

வாசல் குரோட்டன்ஸ் இலை எல்லாம் கருகிவிட்டது. யாரும் அதையும் கேட்கவில்லை.

15-10-97, புதன்

பானை மேல் புதுச் சொம்பு. பளபள. இன்னும் பெயர் வெட்டவில்லை.

பழையதைப் பழனிச்சாமி நியூஸ் பேப்பரில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயா இனி இதப் பொழங்க மாட்டாருங்க. வீசறதுக்கும் மனசில்ல. நீங்களே ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க அம்மணி." பேப்பரோடு டேபிளில் வைத்துவிட்டுப் போனார். தானம் கொடுத்த மாதிரி முகம்.

வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பேப்பரைக் கசக்கிப் போட்டேன். புளி போட்டுத் தேய்த்தேன். டிரம்மில் இருந்து நிரப்பி மீன் தொட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவுக்கு நேராக, பெயர் தெரிகிற பக்கத்தைத் திருப்பி வைத்தேன். காலையில் அதில் தண்ணீர் குடிக்கிறேன். ஆவியான அளவுக்கு மீனுக்கும் அதில் இருந்துதான். பழனிச்சாமி இந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

22-10-97, புதன்

மழை விட்டு நல்ல வெயில். பாப்பாவுக்குக் கணக்கில் நல்ல மார்க். தீபாவளி கூட்டம், எல்லாக் கடையும் நெரிசல்.

மதியம் கரூர் டீலர் வந்தார். பெரிய பார்ட்டி, பெ.மு.வுக்கு ஒன்றுவிட்ட சம்பந்தி முறை. வியர்த்து வழிய வந்து நேராக என் டேபிள் முன்னால் உட்கார்ந்தார். மீனைப் பார்த்து அசந்து போனார்.

"ஏனுங்க அம்மணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

பழனிச்சாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இருங்க இருங்க, நான் வாரேன், பானைல..." அதற்குள் நான் சொம்பை நீட்டிவிட்டேன். அவர் வாங்கினார். அண்ணாந்து கடகடவென்று குடித்தார். நிறுத்தி மூச்சு விட்டார். சொம்பைத் திருப்பிப் பெயரைப் படித்தார்.

"அட, ஐயா சொம்பு. தண்ணி அருமைங்க. நம்ம சிறுவாணின்னா சிறுவாணிதானுங்க."

பெ.மு. தன் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் தெரியாது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சொல்லலாமே. காரணத்தைச் சொல்லி, அந்தச் சொம்பைக் கீழே வைக்கச் சொல்லலாம். சம்பந்தி முன்னால், என் முன்னால், எல்லார் முன்னாலும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க மச்சான்" என்றார் சம்பந்தியைப் பார்த்து.

"இதா வாரனுங்க. அம்மணி, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் டிரம்மில் நிரப்பிக்கொண்டு வந்து கையில் கொடுத்தேன். குடித்தார். மிச்சம் இருந்ததை மீனுக்கு ஊற்றினேன். அளவாகத்தான்.